பத்துப் பிள்ளைகளும் ஒரு பள்ளியும்

பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும். 1923ஆம் ஆண்டில் மலாயாவில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம் தோட்டத் துரைமார்களுக்கு விதித்த கணக்கு இதுதான். ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் ஒரு தோட்டத்தில் இருப்பார்களேயானால், அங்குத் தோட்ட நிருவாகமே பள்ளி அமைத்துத் தர வேண்டும் என்றது அச்சட்டம். கல்வியின்மேல் கொண்ட காதலால் மட்டும் பிறந்த ஏற்பாடன்று இது. பள்ளி இருக்கும் தோட்டத்தில் குடும்பம் நிலைக்கும். குடும்பம் நிலைத்தால் பால்வெட்டுக்கு ஆள் கிடைக்கும். கணக்கு எவருடையதாயினும், அதன் நிழலில்தான் கோயில் மண்டபத்திலும், ஆயாக்கொட்டகையின் ஓரத்திலும், லயத்தின் கடைசி அறையிலும் தமிழ் எழுத்துகள் உரக்க ஒலித்தன. நம்மில் பலருடைய தந்தையரும் தாய்மாரும் அங்கேதான் தம் பெயரை முதன்முதலாக எழுதிப் பார்த்தனர்.

இன்று அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எதற்கு என்பதே இன்றைய கேள்வி. சிறிய பள்ளிகளை மூடுக, அண்டைப் பள்ளியோடு இணைத்திடுக, பட்டணத்துக்கு மாற்றிடுக என்று பலவகை முன்மொழிவுகள் ஆண்டுதோறும் வந்தவண்ணம் உள்ளன. கல்வி அதிகாரிகள் மட்டுமல்லர். நம்மவரே பலர், நம் ஆசிரியரே சிலர், இவற்றை வலியுறுத்துகின்றனர். அவர்களுடைய நோக்கத்தில் நான் குறை காணவில்லை. ஆயின் முன்மொழிவுகள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதையும், அவற்றுள் எதை ஏற்கலாம், எதை ஏற்கலாகாது என்பதையும் எடுத்துரைப்பது என் கடமையெனக் கருதுகின்றேன்.

நான் டுரியான் துங்கால் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவன். தோட்டப் பள்ளியில் படித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மலாக்கா மாநிலத்தின் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி, இப்பொழுது ஒரு சிறிய பள்ளியின் தலைமையாசிரியனாக ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கின்றேன். பட்டணத்துப் பெரிய பள்ளியில், காலைக் கூட்டத்தில் முந்நூறு பிள்ளைகளின் முன் நின்று பேசியிருக்கிறேன். இன்று முப்பது பேர்கூட இல்லாத கூட்டத்தின் முன் நின்று பேசுகிறேன். இரண்டின் சுவையையும் இரண்டின் சுமையையும் அறிந்தவன் என்னும் உரிமையோடு எழுதுகிறேன்.

சிறிய பள்ளிகள் எவ்வாறு சிறியனவாயின என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். இந்நாட்டின் முதல் இரப்பர்த் தோட்டம் நம் மலாக்காவில்தான் உருவாயிற்று. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீனப் பெருவணிகர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். அந்த மரங்களைத் தேடித்தான் நம்மவர் கப்பலேறி வந்தனர். நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. துண்டாடப்பட்ட தோட்டங்களில் வேலையும் வீடும் பறிபோயின. புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் 1967ஆம் ஆண்டில் தம் வாழ்வுரிமைக்காகக் கோலாலம்பூர் நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டது நம் மாநிலத்தின் வரலாறு. 1969ஆம் ஆண்டில் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபொழுது, பல்லாயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு தமிழகம் திரும்பினர். அதன்பின் பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்குக் குறைந்த ஆளே போதும். அந்த ஆளும் காலப்போக்கில் வெளிநாட்டிலிருந்து வந்தவரானார். நம் இளைஞர்கள் தொழிற்பேட்டைகளுக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் பெயர்ந்தனர். லயங்கள் வெறிச்சோடின. பள்ளி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

1957ஆம் ஆண்டில் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று மலேசியாவில் ஏறக்குறைய 530 உள்ளன. மலாக்கா மாநிலத்தில் எஞ்சியிருப்பவை 21. நாடு முழுவதும் தமிழ்ப்பள்ளி மாணவர் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர். நூற்றைம்பதுக்கும் குறைந்த மாணவர் பயிலும் பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வியமைச்சு வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவை இவ்வகையைச் சார்ந்தவை. ஆகவே, சிறிய பள்ளியின் எதிர்காலத்தைப் பேசுவது ஏதோ ஒரு மூலையிலுள்ள சிலரைப் பற்றிய பேச்சன்று. தமிழ்க்கல்வியின் பெரும்பகுதியைப் பற்றிய பேச்சு.

இனி முன்மொழிவுகளுக்கு வருவோம். மூடல், இணைப்பு, இடமாற்றம் என்னும் மூன்று சொற்களையும் நாம் ஒன்றுபோல் வழங்கி வருகிறோம். அவை ஒன்றல்ல. மூடல் என்பது பள்ளியும் போய், அதன் உரிமமும் போவது. இணைப்பு என்பது இரு பள்ளிகள் ஒன்றாவது. அங்கு எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது, பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்கின்றனர். இடமாற்றம் என்பது ஆளில்லாத தோட்டத்திலிருந்து ஆளுள்ள குடியிருப்புக்குப் பள்ளியை அதன் உரிமத்தோடு கொண்டுசெல்வது; அங்கு எண்ணிக்கையும் குறைவதில்லை, பள்ளியும் வளர வாய்ப்புண்டு. புதிய தமிழ்ப்பள்ளிக்கு உரிமம் பெறுவது எத்துணை அரிது என்பதைப் பள்ளி வாரியத்தில் தொண்டாற்றுவோர் நன்கறிவர். கையிலுள்ள உரிமம் ஒன்றை இழப்பது, விதைநெல்லைச் சமைத்துண்பதற்கு ஒப்பாகும்.

இணைப்பை வேண்டுவோர் கூறும் காரணங்கள் வெற்றுக் காரணங்கள் அல்ல. என் பள்ளியில் ஓராண்டு நான்காம் வகுப்பில் ஒரே ஒரு மாணவன் இருந்தான். அறிவுள்ள பிள்ளை. கணக்கில் அவனே முதல் மாணவன். அவனே கடைசி மாணவன். விவாதிக்கத் தோழனில்லை, போட்டியிட எதிராளியில்லை. ஓய்வு நேரத்தில் பந்தை உதைத்துவிட்டு அவனே ஓடிச்சென்று எடுத்து வருவான். பதினொருவர் சேர்ந்தால்தானே காற்பந்துக் குழு? எங்கள் பள்ளியில் ஆண்பிள்ளைகள் அனைவரையும் சேர்த்தாலும் குழு நிறைவதில்லை. ஆசிரியர் நிலையும் அத்தகையதே. பெரிய பள்ளியில் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளும் நிருவாகப் பணிகளை இங்கு இருவர் மூவர் சுமக்கின்றனர். பாடநூல் கணக்கு, நலவுதவி, புறப்பாடம், சிற்றுண்டிச்சாலை என அத்தனைக்கும் ஒரே ஆசிரியர் பெயர் பட்டியலில் இருக்கும். படிவம் நிரப்பிய களைப்போடு வகுப்புக்குச் செல்லும் ஆசிரியரிடம் எவ்வளவு எதிர்பார்க்க முடியும்? இவற்றை மறைத்துவிட்டுச் சிறிய பள்ளியின் அழகை மட்டும் பாடினால் அது நேர்மையாகாது.

எனினும் காகிதத்தில் எளிதாகத் தோன்றும் இணைப்பு, நடைமுறையில் வேறாகிவிடுகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நானறிந்த ஒரு தோட்டப் பள்ளி மாணவரின்றி மூடப்படும் நிலைக்கு வந்தது. எஞ்சிய பிள்ளைகளை அடுத்த தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதென முடிவாயிற்று. அது குறித்துப் பேசிய அலுவலகமொன்றில் வரைபடத்தை விரித்துத் தூரத்தை அளந்தனர். நேர்கோட்டில் அளந்த தூரம் அது. செம்பனைக் காட்டின் செம்மண் பாதை வளைந்து நெளிந்து பெருஞ்சாலையை அடையும் தூரம் அந்த வரைபடத்தில் இல்லை. மழைக்காலத்தில் அந்தப் பாதை பாதையாகவே இருப்பதில்லை என்பதும் அதில் இல்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் நான் அந்த அண்டைப் பள்ளியில் ஆசிரியன். வரவேண்டிய பிள்ளைகளில் பாதிப்பேர்கூட வரவில்லை. ஒரு தாயைக் கடைத்தெருவில் கண்டு கேட்டேன்.

"ஐயா, வேன்காரரு எங்க பக்கம் உள்ள வரமாட்டேங்குறாரு. நான் விடியிறதுக்கு முன்னாலயே வேலைக்குப் போயிடுவேன். இவன யாரு சாலைவரைக்கும் கொண்டாந்து விடுறது? பக்கத்துல இருக்கிற மலாய்ப் பள்ளிக்கு நடந்தே போயிடுறான்."

"தமிழ், அம்மா?"

"அதான் ஐயா மனசுக்குக் கஷ்டமா இருக்கு. வீட்டுல பேசுறோமே, போதாதா?"

அத்தாய்க்கு நான் என்ன விடை கூறுவது? அவர் தமிழை வெறுத்தவர் அல்லர். தேசியப் பள்ளியும் நம் நாட்டுப் பள்ளியே; அங்குப் பயில்வது தாழ்வன்று. ஆயினும், இரண்டு தமிழ்ப்பள்ளிகளை இணைக்கிறோம் என்று நாம் எண்ணியிருந்தோம். உண்மையில் நிகழ்ந்ததோ, ஒரு பள்ளியின் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமிழ்க்கல்வியை விட்டே நீங்கியது. இணைப்பின் கணக்கில் பள்ளியின் எண்ணிக்கையைக் கழிக்கிறோம். பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்ட மறந்துவிடுகிறோம். எனவே, எந்த இணைப்புத் திட்டத்தையும் நான் ஒரே கேள்வியால் அளப்பதுண்டு: மறுநாள் காலையில் எத்தனை பிள்ளைகள் புதிய பள்ளியின் வாயிலில் வந்து நிற்பார்கள்?

இது நமக்கு மட்டும் நேர்ந்த சிக்கலன்று. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டையொட்டி ஓர் இலட்சத்துப் பதினேழாயிரம் பள்ளி மாவட்டங்கள் இருந்தன. நாட்டுப்புறத்தின் ஓராசிரியர் பள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டு, இன்று ஏறத்தாழப் பதின்மூவாயிரம் மாவட்டங்களே உள்ளன. அங்கு அது பெருமளவில் இயன்றதற்குச் சாலையும் பள்ளிப் பேருந்தும் துணைநின்றன. சீன நாடு 2001ஆம் ஆண்டு முதல் கிராமப் பள்ளிகளைப் பேரளவில் மூடி இணைத்தது. சின்னஞ்சிறு பிள்ளைகள் நெடுந்தூரம் பயணம் செய்யவும் விடுதிகளில் தங்கவும் நேர்ந்து, குறைகள் பெருகியபொழுது, 2012ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசே அந்த வேகத்தை நிறுத்தியது. தமிழகத்தில் 1954ஆம் ஆண்டில் முதலமைச்சரான காமராசர், மூடப்பட்டிருந்த பள்ளிகளைத் திறந்ததோடு, பள்ளியில்லா ஊர்களிலும் பள்ளி கண்டார். அவர் காலத்தில் கல்வித்துறையை நடத்திய நெ. து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைக் கூட்டி, ஊர் மக்களையே தம் பள்ளிக்கு மேசையும் நாற்காலியும் கட்டடமும் வழங்கச் செய்தார். அங்கும் பணமில்லை; சிறிய ஊர்கள்தாம். ஆயினும், பிள்ளை பள்ளியைத் தேடிச் செல்வதன்முன் பள்ளி பிள்ளையைத் தேடி வந்தது.

நம் அண்டை நாடான சிங்கப்பூரின் நிலையையும் நாம் எண்ணிப் பார்த்தல் நலம். அங்கு எஞ்சியிருந்த கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி, மாணவர் குறைந்து 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அங்குத் தமிழ் இன்றும் ஆட்சிமொழிகளுள் ஒன்று; பள்ளிகளில் தாய்மொழிப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது; அதற்காக உழைக்கும் ஆசிரியர்களை நாம் போற்ற வேண்டும். ஆனால் கணக்கையும் அறிவியலையும் தமிழில் கற்கும் பிள்ளை அங்கு இல்லை. மொழியைப் பாடமாகக் கற்பது வேறு. மொழியால் உலகைக் கற்பது வேறு. அவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஒரு தமிழ்ப்பள்ளி மூடப்படும் நாளில்தான் சமுதாயம் உணர்கிறது.

எங்கள் ஊர் தந்த பாடமும் ஒன்றுண்டு. 1991ஆம் ஆண்டில் மலாக்கா மாநிலம் கடும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு ஆளாயிற்று. டுரியான் துங்கால் அணைக்கட்டு வற்றி, அடிநிலம் வெடித்துக் கிடந்தது. குடங்களும் வாளிகளும் ஏந்தி மக்கள் தண்ணீர் வண்டிக்காகக் காத்துநின்ற காட்சியை அக்காலத்தில் வாழ்ந்தோர் மறக்கவியலாது. அப்பொழுது, நீரற்ற அணை நமக்கெதற்கு, இதை மூடிவிடுவோம் என்று எவரும் கூறவில்லை. மூவார் ஆற்று நீரை இவ்வணைக்குக் கொணர வழி செய்தனர். பின்னர் ஜுஸ் என்னுமிடத்தில் வேறோர் அணையும் எழுப்பினர். நீர் குறைந்தால் நீரைக் கொணரும் அறிவு நமக்கு உண்டு. பிள்ளைகள் குறைந்தால் பிள்ளைகளைக் கொணரும் அறிவு மட்டும் ஏன் நமக்கு வாய்க்கவில்லை? டுரியான் துங்கால் இன்று பழைய சிற்றூரன்று. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா இங்கே அமைந்துள்ளது. அதனைச் சுற்றிப் புதிய குடியிருப்புகள் எழுந்துள்ளன. அவ்வீடுகளிலும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களைத் தேடி நாம் சென்றோமா என்பதே வினா.

மற்றொன்றையும் ஆசிரியப் பெருமக்களின் சிந்தனைக்கு வைக்கின்றேன். மாணவர் மிகக் குறைந்த பள்ளிகளில் இரு வகுப்புகளை ஒன்றாக்கி நடத்தும் கூட்டு வகுப்பு முறை உண்டு. இதனை ஒரு குறைபாடாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். ஆயின் பல வயதுப் பிள்ளைகள் ஒருங்கே அமர்ந்து, மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிகளின் பழைய மரபு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், மணலில் விரலால் எழுதிக் கற்ற நம் நாட்டுப் பிள்ளைகளைக் கண்டு வியந்து, அம்முறையைத் தம் பள்ளியில் கையாண்டார். 1797ஆம் ஆண்டில் அதுபற்றி நூலும் வெளியிட்டார். சென்னை முறை என்னும் பெயரோடு அது இங்கிலாந்தில் பரவிற்று. நம் திண்ணையிலிருந்து உலகம் கற்ற ஒன்றை, நாமே நம் வகுப்பில் செய்ய நாணுவது பொருந்துமா? ஒரே தலைப்பை இரு நிலைகளில் கற்பிக்கும் பாடத்திட்டமும், மூத்த மாணவனைப் பயன்படுத்தும் நுட்பமும் பயிற்சிக் கல்லூரிகளில் தனிப்பாடமாக வேண்டும். சிறிய பள்ளிக்கு முதற்பணியில் செல்லும் இளம் ஆசிரியர், அதைத் தண்டனையாகக் கருதாமல் திறமைக்குரிய களமாகக் கருதும் நிலை அதனால் உருவாகும்.

சரி, செய்ய வேண்டியவை யாவை? முதலாவதாக, தோட்டமும் வெறிச்சோடி, அருகில் குடியிருப்பும் இல்லாத பள்ளியை உரிமத்தோடு இடமாற்றம் செய்ய நாமே முன்வர வேண்டும். கடைசி மாணவன் வெளியேறும்வரை காத்திருந்தால் பேச்சுக்கு இடமில்லாமற் போகும். நிலம் தேடுவதும், பள்ளி வாரியத்தை வலுப்படுத்துவதும் முப்பது பிள்ளைகள் இருக்கும்பொழுதே தொடங்க வேண்டிய பணிகள். இரண்டாவதாக, அண்மையில் அமைந்த சிறிய பள்ளிகள் தத்தம் பெயரையும் உரிமத்தையும் காத்துக்கொண்டே ஒரு கூட்டாகச் செயற்படலாம். வாரத்தில் ஒருநாள் மூன்று பள்ளிப் பிள்ளைகள் ஓரிடத்தில் கூடினால் காற்பந்துக் குழு நிறையும், நாடகம் போடலாம், அறிவியல் சோதனையைக் குழுவாகச் செய்யலாம். என் நான்காம் வகுப்பு மாணவனுக்குத் தேவைப்பட்டது பெரிய கட்டடமன்று, நான்கு தோழர்கள். மூன்றாவதாக, இணைப்பே தகுந்த வழி என்று ஆய்ந்து முடிவு செய்யுமிடத்தில், போக்குவரத்து ஏற்பாடு முதலில் வர வேண்டும். இணைப்பு பின்னர் வர வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு வாயிலிலிருந்தும் தூரம் அளக்கப்பட வேண்டும். பெற்றோரைக் கூட்டி அவர்கள் கருத்தை முடிவுக்கு முன்பே கேட்க வேண்டும். முடிவை அறிவிப்பதற்காக மட்டும் கூட்டலாகாது. நான்காவதாக, பாலர் பள்ளி இல்லாத தமிழ்ப்பள்ளி வேரில்லாத மரம். நான்கு ஐந்து வயதில் வேறிடத்தில் கால்பதித்த பிள்ளை ஏழு வயதில் நம்மிடம் திரும்புவது அரிது.

இவை நடந்தால் எல்லாப் பள்ளிகளும் நிலைத்துவிடும் என்று நான் கூறவில்லை. சில பள்ளிகள் இடம்பெயரும், சில ஒன்றாகும். ஒன்றாகும் பள்ளியின் பெயர்ப்பலகையையும், பழைய வருகைப் பதிவேட்டையும், நிழற்படங்களையும் புதிய பள்ளி ஓர் அறையில் வைத்துப் போற்றலாம். தன் பாட்டன் பெயரை அந்தப் பதிவேட்டில் காணும் பிள்ளை, அப்பள்ளிக்குத் தான் விருந்தாளியல்லன் என்பதை உணர்வான். பள்ளியை இழந்த தோட்டத்து மக்களுக்கும் அது ஆறுதலாக அமையும்.

தமிழாசிரியப் பெருமக்களுக்கும், நாளை ஆசிரியராகவிருக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சட்டத்தையும் அமைச்சையும் பற்றி நாம் பேசுவது தேவைதான். 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் தாய்மொழிப் பள்ளிகளைத் தேசியப் பள்ளிகளாக மாற்றவல்ல பிரிவொன்று இருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. அத்தகைய மாற்றங்கள் பேசிப் பேசியே வந்தவை. ஆனால் சட்டம் காக்கும் பள்ளியைப் பிள்ளையின்மை மூடிவிடும். ஆகவே, இவ்வாண்டுப் பள்ளி விடுமுறையில் நீங்கள் வாழும் வட்டாரத்தில், வீடு வீடாகச் சென்று, ஐந்து வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் உள்ளனர் என்று எழுதுங்கள். எவ்வீட்டில் வண்டி இல்லை, எத்தாய் விடியலில் வேலைக்குச் செல்கிறார், எப்பாதையில் வேன் வராது என்பனவற்றையும் உடன் எழுதுங்கள். அந்த ஏட்டை உங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடமும் கொடுங்கள். நான் என் வட்டாரத்தில் இப்பணியைத் தொடங்கிவிட்டேன். மூன்று குடியிருப்புகள் முடிந்துள்ளன. இதுவரை என் ஏட்டில் பதினான்கு பெயர்கள் ஏறியிருக்கின்றன.

பழைய சட்டத்தின் கணக்கில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒரு பள்ளி. பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை அழைத்துவர ஒரு வேன் வேண்டும். அதற்கான ஏற்பாட்டை வருகிற மாதம் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் முன்வைக்கவிருக்கிறேன்.